சுவைத்தவரும் மொண்டவரும்

சென்ற ஆண்டு நம் பங்கின் பாதுகாவலர் திருவிழா முடிந்து, கொடியிறக்கிய களைப்பு இன்னும் நீங்காதிருந்த ஒரு மாலையில், ஒரு புட்டி திராட்சை இரசம் பங்கு இல்லத்து மேசைமீது வந்து அமர்ந்தது. கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பொறியாளராகப் பணிபுரியும் நம் பங்கு இளைஞர். விடுமுறைக்குப் போடிக்கு வந்திருந்தவர், "கடைச் சரக்குன்னு நெனச்சுராதீங்க சாமி, சேசு சபைச் சாமிமார் தோட்டத்துல வெளஞ்சது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நம் முகத்தில் எழவிருந்த கேள்வியை அவர் அறிந்திருந்தார் போலும்.

அவர் சொன்னது உண்மையே. தென் ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கில் செவன்ஹில் என்றோர் ஊர் உண்டு. உரோமை நகரின் ஏழு குன்றுகளை நினைந்து இடப்பட்ட பெயர் அது. 1848-இல் ஜெர்மானியக் குடியேறிகளோடு கப்பலேறிச் சென்ற ஆஸ்திரியச் சேசு சபைக் குருக்கள், 1851-இல் அங்கே நிலம் வாங்கித் திராட்சைக் கொடி நட்டனர். திருப்பலிக்கு இரசம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கோதுமை அப்பத்தை எங்கும் சுட்டுக்கொள்ளலாம். திராட்சையின் கனியிலிருந்து இயல்பாய் உண்டாகி, கெடாதிருக்கும் இரசமே பலிக்கு ஏற்றது என்னும் திருச்சபைச் சட்டம், மறைப்பணியாளர் பலரைத் தோட்டக்காரராக்கியிருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் அத்தகைய கதை ஒன்று வழங்குகிறது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி எனப் பந்தல் பந்தலாய்ப் படர்ந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையின் முதற்கொடியை 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஷிராஸ் எனப்படும் கொடியும் ஏறத்தாழ அதே காலத்தில்தான், ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்சில் சேகரித்த பதியன்களோடு, ஆஸ்திரேலியக் கரை சேர்ந்தது.

ஷிராஸ் என்பது பாரசீகத்து நகரின் பெயர். ஆயினும் கொடி அந்நகரத்தது அன்று. அதன் தாய் தந்தைக் கொடிகள் இரண்டும் தென்கிழக்குப் பிரான்சைச் சேர்ந்தவை என்பதை 1998-இல் மரபணு ஆய்வு காட்டிவிட்டது. பெயர் ஓரூரும் பிறப்பு வேறூருமாய் வாழ்கிறவர்கள் நம் ஏலமலையிலும் நிறையவே உண்டு என்பதால், இச்செய்தி நமக்கு அத்துணை வியப்பளிக்கவில்லை.

அன்று மாலை ஐவர் கூடினோம். அந்த இளைஞர், ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாய் ஏலமும் மிளகும் வாணிபம் செய்யும் அன்பர் ஒருவர், நாம். கோயில்பிள்ளை அலமாரியிலிருந்து ஐந்து கண்ணாடிக் குவளைகளை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, மாலை மணி அடிக்கப் போனார்.

அடிலெய்டில் அவ்விளைஞர் சுவைஞர் வட்டம் ஒன்றில் உறுப்பினராம். மாதம் ஒருமுறை பத்துப் பன்னிருவர் கூடி ஒரு புட்டியைத் திறந்து, குவளைக்கு இரண்டு விரற்கடை ஊற்றி, முதலில் நிறத்தைப் பார்ப்பர். பின் மணத்தை நுகர்வர். பின் ஒரு வாய் உறிஞ்சி நாவெங்கும் உலவவிட்டுத் துப்பிவிடுவர். இதைக் கேட்ட கணக்கப்பிள்ளை, "துப்புறதுக்கா தம்பி அம்புட்டு தூரத்துல இருந்து சுமந்துட்டு வந்தீக?" என்று வினவியதும், ஐவரும் துப்பாமல் விழுங்குவதென்று தீர்மானம் ஆயிற்று.

அவ்விரசம் மென்மையானதன்று. நம் பன்னீர்த் திராட்சையின் இனிய நறுமணத்தை எதிர்பார்த்துக் குவளையை உயர்த்தியவர்க்கு அது முதலில் ஓர் அதிர்ச்சியே. நிறம் ஏறக்குறையக் கருமை. விளிம்பில் மட்டும் நாவற்பழச் சிவப்பு. நாவில் பட்டதும் பழச்சுவை, அதன் பின்னே ஒரு வெம்மை, அதற்கும் பின்னே நாவையும் ஈற்றையும் இறுகப் பிடிக்கும் துவர்ப்பு. மேலைநாட்டார் இத்துவர்ப்பை விளக்கப் பல சொற்களைத் தேடுவார்களாம். நமக்கோ அறுசுவையுள் ஒன்றாக அது ஆதிமுதல் இருக்கிறது. "கொட்டைப்பாக்கு" என்றார் பேராசிரியர். "கடுக்காய்" என்றார் கணக்கப்பிள்ளை. இரண்டும் பொருந்தின.

"மணத்தில் வேறொன்றும் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றார் இளைஞர். சற்று நேரம் மூக்கை வைத்திருந்துவிட்டு நாம் "மிளகு" என்றோம். பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். மிளகு வாணிபத்திலேயே தலை நரைத்த அன்பரோ, எத்துணை முறை நுகர்ந்தும் உதட்டைப் பிதுக்கினார். அவருக்குப் பெருத்த மனவருத்தம். இளைஞர்தாம் தேற்றினார். ஷிராஸில் மிளகு மணப்பது கற்பனையன்றாம். கருமிளகில் உள்ள ரோட்டண்டோன் என்னும் அதே பொருள்தான் இத்திராட்சையின் தோலிலும் உள்ளது என்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். மிக நுண்ணிய அளவே போதும், குவளை முழுவதும் மணக்கும். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அம்மணம் மட்டும் எட்டுவதே இல்லை. மிளகின் பிற மணங்களை அறிவார்கள், இதனை அறியார். பயிற்சிக் குறைவன்று, பிறப்பமைப்பு.

எல்லார்க்கும் ஒரே புட்டியிலிருந்து ஒரே அளவாய் ஊற்றினோம். எல்லார்க்கும் கிடைத்தது ஒன்றன்று. அன்றிரவு இதனை ஒரு வேடிக்கையாக மட்டுமே எண்ணினோம்.

இவ்விடத்தில் வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடியால் குடும்பங்கள் சீரழியும் நாட்டில், ஒரு பங்குக் குரு இரசத்தின் மணத்தையும் துவர்ப்பையும் விரித்துரைப்பதா என்று. நேரிய கேள்விதான். நம் நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று சொல்வழக்குப் பெற்ற கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் பிராந்தியும் ரம்முமே. அங்கே எவரும் நிறம் பார்ப்பதில்லை, மணம் நுகர்வதில்லை. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த எண்ணின் மறுபக்கத்தை நாம் வீடு மந்திரிக்கச் செல்லும்போது காண்கிறோம்: அடகுக்குப் போன காதணி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த கூலிப்பணம், தகப்பன் வரும் நேரமறிந்து அடுத்த வீட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை.

ஆயினும் தீமை பொருளில் இருக்கிறதா, பயன்படுத்துவோனிடத்தில் இருக்கிறதா என்று திருச்சபையின் மறைவல்லுநர் நெடுங்காலமாய் ஆராய்ந்துள்ளனர். புனித தோமா அக்குவினார் இதற்கெனவே ஒரு வினாவை எழுப்பி விடை சொல்கிறார். எந்த உணவும் எந்தப் பானமும் தன்னளவில் தீயதன்று. ஆனால் நான்கு சூழ்நிலைகளில் தீயதாகக்கூடும். குடிப்பவன் எளிதில் நிலைகுலைபவனாய் இருந்தால், குடிப்பதில்லை என்று அவன் நேர்ந்துகொண்டிருந்தால், அளவு மீறினால், பிறர்க்கு இடறலானால். இந்நான்கையும் குருத்துவக் கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினோம். நான்காவதைப் படித்தபோது 'பிறர்' என்னும் சொல்லுக்கு நம் மனத்தில் ஒரு முகமும் இருந்ததில்லை.

நம் தமிழ் மரபும் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருக்கிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். புறநானூற்றிலோ, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில், முதலில் அவர் நினைவுக்கு வருவது அவன் கள்ளைப் பகிர்ந்த முறைதான். சிறிதளவே இருந்தால் தான் உண்ணாமல் எங்களுக்குத் தந்தான். மிகுதியாய் இருந்தால் நாங்கள் பாட எங்களோடு இருந்து உண்டான் என்று அரற்றுகிறார். வேந்தனின் வீரத்தைச் சொல்லுமுன் அவன் பந்தியைச் சொல்கிறார். பகிர்தலென்றால் குறைவாய் இருக்கும்போது ஒரு முறை, நிறைவாய் இருக்கும்போது வேறொரு முறை என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

நற்செய்தியில் இரசத்தைச் சுவைத்துத் தரம் சொன்னவர் ஒருவர் உண்டு. கானாவூர்த் திருமணத்தில் பந்தியை மேற்பார்த்தவர்தாம் அவர். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும், இக்கால அளவில் மொத்தம் 500 லிட்டருக்கும் மேல். ஆண்டவர் கஞ்சத்தனமாய் அற்புதம் செய்பவர் அல்லர். அம்மேற்பார்வையாளர் சுவைத்தார், நல்லதென்று கண்டார், மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டவும் செய்தார். அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் ஓர் இடைப்பிறவரலாகக் குறித்துச் செல்கிறார். எத்தனையோ முறை இப்பகுதியை வைத்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். தேவதாயின் பரிந்துரையைப் பற்றி, மணவாழ்வின் புனிதத்தைப் பற்றி. மொண்டவர்களைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

போடியில் வாழ்கிறவனுக்கு அது விளங்காமற் போயிருக்கக் கூடாது. இவ்வூரின் ஏல மையத்தில் வணிகர்கள் மாதிரிக் காயைக் கையிலெடுத்து, பச்சை நிறம் பார்த்து, தோலைப் பிளந்து அரிசியை மென்று விலை சொல்வதைக் கண்டிருக்கிறோம். வியக்கத்தக்க திறமை அது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமன் காயா என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்ப்பது. மழைக் காலத்தில் அட்டைக் கடியோடு குனிந்தும் குந்தியுமே பறிக்க வேண்டும். ஒரே சரத்திலும் எல்லாம் ஒன்றாய் முற்றுவதில்லை. முற்றியதை விரல்தான் அறிந்து எடுக்கிறது. விடியுமுன் முந்தல் சாலையில் நின்று ஜீப்பில் நெருக்கியடித்து, பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்து கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் விரல்கள் அவை. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். மாலையில் அவர்கள் இறங்கி வரும்போது சேலையெல்லாம் ஏலம் மணக்கும். அந்த மணத்திற்கு விலை கிடையாது.

அன்றிரவுக்குத் திரும்புவோம். ஒன்பது மணியளவில் அன்பர்கள் விடைபெற்றனர். வாயில்வரை சென்று வழியனுப்பிவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினோம். மேசை துடைக்கப்பட்டிருந்தது. புழக்கடைக் குழாயடியில் ஓசை கேட்டது. கோயில்பிள்ளை அந்த ஐந்து குவளைகளையும் கழுவிக்கொண்டிருந்தார்.

நம்மைக் கண்டதும், "சாமி, இதுல மிளகு வாசம் வருது. பச்ச மிளகு இல்ல, காயவச்சது" என்றார்.

வணிகருக்கு எட்டாதது இவருக்குக் கழுவுநீரிலேயே எட்டிவிட்டதே என்று நாம் வாய்விட்டுச் சிரித்தோம். இளமையில் மலையில் மிளகுக் கொடியேறியவர் அவர். அதைச் சொல்லிப் பாராட்டவும் வாயெடுத்தோம். அப்போதுதான் அவர் கைகள் நடுங்குவதைக் கண்டோம்.

"பதினோரு வருசம் ஆச்சு சாமி. மூக்கு மறக்கல" என்றார்.

வாசகரே, அம்மனிதர் நம்மிடம் வேலையில் சேர்ந்த அன்றே ஒன்றைக் கேட்டுப் பெற்றிருந்தார். திருப்பலி இரசம் வைக்கும் அலமாரியின் சாவி தம்மிடம் வேண்டாம். சிறு சாடியில் இரசம் ஊற்றும் வேலையும் வேண்டாம். மற்றதெல்லாம் செய்வேன் என்றார். காரணத்தையும் ஒளிக்கவில்லை. குடியில் அவர் இழந்தது எதுவென்று இங்கே எழுதுவது முறையாகாது. ஒரு தியானத்தின் முடிவில் நிறுத்தியவர், அன்றுமுதல் தொட்டதில்லை. ஆகவே நாள்தோறும் சாவியைத் திறந்து இரசம் ஊற்றுவது நாமே. பலிக்குப் பின் கிண்ணத்தில் நீர் வார்த்துத் துடைப்பதும், வழிபாட்டு ஒழுங்கின்படி நாமே. முப்பது ஆண்டுகளாய்க் கிண்ணம் கழுவிய கைகள், நண்பர்களோடு கூடிய ஒரு மாலையில், ஐந்து குவளைகளை அவர் தலையில் கட்டிவிட்டு வாயிலுக்குப் போய்விட்டன. நம் இல்லத்தில் மேசையைத் துடைப்பவர் அவர், அவ்வளவுதான். அவரைப் பற்றி அந்த மூன்று மணி நேரத்தில் நாம் எண்ணியதே இல்லை.

தோமா அக்குவினாரின் நான்கில் முதலிரண்டும் கடைசியும் புழக்கடையில் ஒரே ஆளாய் நின்றுகொண்டிருந்தன. நாமோ மூன்றாவதை மட்டும் கவனமாய்க் கடைப்பிடித்தோம். இரண்டு விரற்கடைக்குமேல் எவரும் ஊற்றிக்கொள்ளவில்லை!

பின்வந்த நாட்களில் இதைப் பலவாறு புரட்டிப் பார்த்தோம். சகோதரனுக்கு இடறலாகுமெனில் இறைச்சியும் இரசமும் விலக்குவதே நன்று என்று உரோமையருக்கு எழுதினார் புனித பவுல். அதே பவுல்தான் திமொத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது இரசம் அருந்தச் சொன்னவரும். முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு எந்த வீட்டிலும் எந்தப் புட்டியும் திறக்கலாகாது என்று விதிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அவ்விதியின்படி கானாவூரின் சாடிகள் தண்ணீராகவே இருந்திருக்க வேண்டும். பவுல் பேசுவது ஊர்பேரற்ற இடறலைப் பற்றியன்று. நம் வாசலில் நிற்கும், நாம் பெயரறிந்த ஒருவரைப் பற்றி. கொரிந்து நகரத்துப் பந்தியிலும் அதுவே குறை. முன்வந்தவர் உண்டு குடித்து மயங்கினர். வேறு சிலர் பசியோடிருந்தனர். ஆண்டவருடைய விருந்து அங்கே விருந்தாகவே இல்லை என்றார் அவர்.

பலிபீடத்தில் நடப்பதை எண்ணிப் பார்க்கிறோம். 1415-இல் கொன்ஸ்தான்சு பொதுச்சங்கம் பொதுநிலையினர்க்குக் கிண்ணத்தை மறுத்தது; இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சில வேளைகளில் அதை மீண்டும் வழங்க வழிவகுத்தது. அந்த மறுப்பால் உண்டான வருத்தங்கள் வரலாற்றில் பெரியவை. அவற்றை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் அப்போராட்டத்தினூடே திருச்சபை ஓர் உண்மையைத் தெளிவாய்ப் பற்றிக்கொண்டது. அப்பத்தை மட்டும் உட்கொள்பவரும் முழுக் கிறிஸ்துவையே பெறுகிறார், எதுவும் குறைவதில்லை. குடிநோய்க்கு ஆளான குருக்கள், ஆயரின் இசைவோடு, புளிப்பு முற்றாத திராட்சைச் சாற்றைக் கொண்டு பலி நிறைவேற்றலாம் என்று 2003-இல் உரோமையிலிருந்து வந்த மடல் விளக்கியது. ஒருவர் அருந்த இயலாதவர் என்பதற்காக அவர் பந்திக்கு வெளியே போய்விடுவதில்லை.

கிண்ணம் தொடாத கோயில்பிள்ளை ஒவ்வொரு காலையும் நம் பலிபீடத்தில் பந்தியின் உள்ளேயே இருக்கிறார். அன்று மாலை, அதே வளாகத்தில், நாற்பது அடி தள்ளி, நம் மேசையில்தான் அவர் வெளியே இருந்தார். இலத்தீனில் ஞானத்தைக் குறிக்கும் 'சப்பியென்சியா' என்னும் சொல், சுவைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது என்று நம் பேராசிரியர் அன்று இரசத்தை உறிஞ்சியபடியே எடுத்துரைத்தார். எல்லாரும் தலையசைத்தோம்.

மறுநாள் காலைப் பலிக்கு முன் திருப்பண்ட அறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் எதுக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் திரி ஏற்றப் போய்விட்டார். சற்றுக் கழித்துத் திரும்பி வந்து, "நேத்து ராத்திரி தூங்கல சாமி" என்றும் சொன்னார்.

இவ்வாண்டு அவ்விளைஞர் மீண்டும் வந்தார், புட்டியும் வந்தது. திறப்பதா வேண்டாமா என்று நம்முள் பெரும் வழக்கு. முதலில் கோயில்பிள்ளையைக் கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். "மேசையில வேணாம் சாமி, தாழ்வாரத்துல காத்தோட்டமா வச்சுக் குடிங்க. நானும் வந்து ஒக்காருறேன். எனக்கு டீ" என்றார். அப்படியே ஆயிற்று. வணிக அன்பர் அவ்வாண்டின் முதல் பறிப்பிலிருந்து ஒரு கைப்பிடி ஏலக்காய் கொண்டுவந்திருந்தார். கோயில்பிள்ளை ஒரு காயைப் பிளந்து வாயிலிட்டு மென்று, ஸ்டோரில் சூடு சற்றுக் கூடிவிட்டது என்றார். வணிகர் மறுத்தார். அவ்வழக்கு முடிய எட்டரை மணி ஆயிற்று. இரசத்தைப் பற்றிப் பேச எவர்க்கும் நேரம் வாய்க்கவில்லை. புட்டியில் பாதி மீதியிருந்தது.

குவளைகளை நாமே கழுவினோம். வெள்ளிக் கிண்ணம் பொறுத்துக்கொள்வதைக் கண்ணாடி பொறுப்பதில்லை. ஒன்று குழாயடியில் நழுவி உடைந்தது. ஓசை கேட்டு ஓடிவந்த கோயில்பிள்ளை, "தள்ளுங்க சாமி, கால்ல குத்திரும்" என்று துடைப்பத்தை எடுத்தார்.